முகாமில் மிஞ்சிய பணத்தில் ஆண்டு விருந்து வைக்கலாமா? புதிய பொருளாளர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

நாற்பது பேர் கொண்ட ஒரு சேவைச் சங்கத்துக்குப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். கைக்கு வந்தவை ஒரு பாஸ்புக், இரண்டு ரசீதுப் புத்தகங்கள், ஒரு பை நிறைய பில்கள். கண் சிகிச்சை முகாமுக்கு வசூலித்ததில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதை ஆண்டு விருந்துக்கு எடுத்துக்கொள்ளலாம், எல்லாம் சங்கத்துப் பணம்தானே என்கிறார் தலைவர். எடுக்கலாமா, பொதுவாக இந்தக் கணக்கை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கக் கூடாது. தலைவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது புரிகிறது. இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் சங்கத்துக்காகச் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவழிப்பவர்கள்தான். ஆனாலும் கூடாது. ஏன் என்பது தெளிவாகிவிட்டால் பொருளாளர் வேலையில் பாதி தெளிவாகிவிடும். இரண்டு முறை பொருளாளராக இருந்தவன், அப்புறம் பல ஆண்டுகளாக வேறு சங்கங்களின் கணக்குகளைப் பார்த்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சங்கத்தின் பெட்டியில் இருப்பது ஒரே பணம் அல்ல. அதில் இரண்டு வகை உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்காகத் தரும் சந்தா, சேர்க்கைக் கட்டணம், கூட்டச் சாப்பாட்டுக்குத் தரும் தொகை, தாமதமாக வருபவரிடம் விளையாட்டாக வாங்கும் அபராதம் எல்லாம் முதல் வகை. இது அவர்கள் வீட்டுப் பணம் மாதிரி. கூட்டம் நடத்த, கடிதத்தாள் அச்சிட, விருந்து வைக்க, புதிய தலைவருக்கு மாலை போட இதிலிருந்து தாராளமாக எடுக்கலாம். வெளியார் ஒரு நல்ல காரியத்துக்காக நம்மிடம் தந்தது இரண்டாவது வகை. உண்டியலில் போட்ட நாணயமும், நிகழ்ச்சிக்கு வாங்கிய டிக்கெட்டும், நிறுவனம் தந்த நன்கொடையும் இதில் சேரும். இது நம் கையில் இருந்தாலும் நம்முடையது அல்ல. யாருக்காகக் கொடுத்தார்களோ அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான் நமக்கு.

இது என் சொந்தக் கொள்கை இல்லை. 1917இல் தொடங்கிய லயன்ஸ் என்ற உலகளாவிய சேவைச் சங்க அமைப்பில் உறுப்பினர் பணத்துக்கு நிர்வாகக் கணக்கு, பொதுப் பணத்துக்குச் சேவைக் கணக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. 1915இல் தோன்றிய கிவானிஸ் என்ற இன்னொரு சேவை அமைப்பின் சங்கங்களிலும் இதே பிரிவு உண்டு. இதே வகை அமைப்பான ரோட்டரி தன் கிளைகளுக்குப் பரிந்துரைக்கும் துணைவிதிகளும் சங்க நிதியைச் சங்க நடப்புக்கு ஒன்று, சேவைத் திட்டங்களுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிக்கச் சொல்கின்றன. உங்கள் சங்கம் இவற்றில் எதையும் சேராத தனிச் சங்கமாக இருந்தாலும் இந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு வங்கிக் கணக்குகள். வங்கிக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரே வங்கிக் கணக்கு, ஆனால் ஏட்டில் இரண்டு பத்திகள். எந்த நாளில் யார் கேட்டாலும், இருப்பில் இவ்வளவு உறுப்பினர் பணம், இவ்வளவு பொதுப் பணம் என்று சொல்ல முடிய வேண்டும்.

சொல்வது எளிது, நடுவில் மாட்டிக்கொள்ளும் செலவுகள்தான் தலைவலி. முகாமுக்கான பேனர், மருந்துப் பெட்டிகளை ஏற்றி வந்த வண்டி வாடகை, நோயாளிகளுக்கான மதியச் சாப்பாடு போன்றவை முகாமின் நேரடிச் செலவுகள். முகாம் பணத்திலிருந்தே போகலாம். வேலை செய்த தொண்டர்களுக்கு அன்று வாங்கிய தண்ணீரும் டீயும்கூடப் போகலாம் என்பேன். முகாம் முடிந்த மறுவாரம் தொண்டர்களுக்கு நன்றி சொல்ல வைத்த விருந்து போகாது, அது உறுப்பினர் பணத்தில் நடக்க வேண்டியது. நிதி திரட்ட ஒரு இசை நிகழ்ச்சி நடத்தினால் அரங்க வாடகை, ஒலிபெருக்கி, டிக்கெட் அச்சுக் கூலி ஆகியவற்றை வசூலில் கழித்துக்கொள்ளலாம். வருடம் முழுக்க ஓடும் அலுவலகச் செலவில் ஒரு பங்கை அதன் தலையில் ஏற்றக் கூடாது. சேவைக் கணக்கில் கிடந்த பணத்துக்கு வங்கி தந்த வட்டியும் சேவைக் கணக்குக்குத்தான் சொந்தம். பலர் இதைக் கவனிப்பதில்லை. பணம் போகும் பாதை ஒருவழிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பணத்தில் மிஞ்சியதைச் சேவைக்குத் தரலாம், தரவும் வேண்டும். சேவையில் மிஞ்சியதை இந்தப் பக்கம் இழுக்கக் கூடாது.

ஒரு செலவு எந்தப் பக்கம் என்று குழப்பம் வந்தால் நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். உண்டியலில் காசு போட்ட அந்த அம்மா இந்த பில்லைப் பார்த்தால், சரி, இதுக்குத்தானே கொடுத்தேன் என்பாரா? தயக்கம் வந்தால் உறுப்பினர் கணக்கில் எழுதிவிடுவேன்.

இப்போது உங்கள் முகாமில் மிஞ்சிய பணம். அது பொதுப் பணம் மட்டுமல்ல, கண் சிகிச்சை என்று சொல்லி வாங்கிய பணம். அதனால் அடுத்த முகாமுக்கோ, இந்த முகாமில் அறுவை சிகிச்சைக்குப் பெயர் எழுதப்பட்டவர்களின் கண்ணாடிச் செலவுக்கோ ஒதுக்குவதுதான் முறை. வேறு சேவைக்குத் திருப்ப வேண்டும் என்றால் பெரிய தொகை தந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கி, நிர்வாகக் குழுவில் தீர்மானம் போடுங்கள். இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் இடம் வசூல் நோட்டீஸ்தான். ஒரு குழந்தையின் இதய அறுவைக்கு என்று மட்டும் எழுதி வசூலிப்பீர்கள். தேவைக்கு மேல் இரண்டு மடங்கு வந்துவிடும், அல்லது மருத்துவமனையே செலவைக் குறைத்துக்கொள்ளும். மீதியை என்ன செய்வது? நோட்டீஸின் அடியிலேயே, தேவைக்கு மேல் சேரும் தொகை இதே போன்ற பிற சிகிச்சைகளுக்குப் பயன்படும் என்று ஒரு வரி போட்டிருந்தால் கேள்வியே எழாது. இனி எந்த வசூலுக்கும் அந்த வரி இல்லாத நோட்டீஸில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மிஞ்சிய பணம் என்றதும் ரோட்டரியின் கதை ஒன்று எனக்கு நினைவுக்கு வரும். உலகத்துக்கு நன்மை செய்ய ஒரு அறக்கட்டளை நிதி வேண்டும் என்று அதன் அப்போதைய தலைவர் ஆர்ச் கிளம்ப் 1917இல் அட்லாண்டா மாநாட்டில் சொன்னார். அடுத்த ஆண்டு மாநாட்டை நடத்திய கன்சாஸ் சிட்டி சங்கம் செலவு போக மிஞ்சிய தொகையை அந்த நிதிக்கு முதல் நன்கொடையாக அனுப்பியது. எவ்வளவு தெரியுமா? 26 டாலர் 50 சென்ட். இன்று போலியோ ஒழிப்பு வரைக்கும் கை நீளும் ரோட்டரி அறக்கட்டளையின் முதல் வரவு அதுதான். மீதி சின்னதாக இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, உறுப்பினர் பணத்துக்கு வருவோம். இங்கே சங்கங்கள் தடுக்கி விழும் இடம் பட்ஜெட். பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பட்ஜெட் போடுகிறார்கள். பணம் கட்டுபவர்களைப் பார்த்துப் போட வேண்டும். உதாரணமாக, பட்டியலில் 40 பேர், ஆண்டுச் சந்தா 1,000 என்று வைத்துக்கொள்வோம். வரவு 40,000 என்று எழுதுவீர்கள். சங்கம் சேர்ந்திருக்கும் மேலமைப்புக்குத் தலைக்கு 450 கட்ட வேண்டும் என்றால் 18,000 போகும், மீதி 22,000இல் வருடத்தை ஓட்டலாம் என்று திட்டமிடுவீர்கள். உண்மையில் 34 பேர்தான் கட்டுவார்கள். வரவு 34,000. மேலமைப்போ பட்டியலில் இருக்கும் 40 பேருக்கும் பில் அனுப்பும். 18,000 கட்டியாக வேண்டும். கையில் நிற்பது 16,000. கட்டாத ஒவ்வொருவருக்காகவும் மற்றவர்கள் 450 தங்கள் கையிலிருந்து போடுகிறார்கள் என்பது பலருக்கு உறைப்பதே இல்லை.

அதனால் மேலமைப்பு எந்தத் தேதியில் தலை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டரியிலும் லயன்ஸிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, தலைக்கட்டணம் ஜூலை, ஜனவரி என்று இரண்டு தவணையாக வருகிறது. கிவானிஸில் ஆண்டு அக்டோபர் 1இல் தொடங்கும். அந்தத் தேதிக்கு ஆறு வாரம் முன்பே நிலுவைக்காரர்களிடம் நேரில் பேசிவிட வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி குழுவில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். தனியாகப் போய், என்ன விஷயம் என்று விசாரியுங்கள். பாதிப் பேர் மறந்திருப்பார்கள். சிலர் சங்கத்தில் மனம் விட்டுப் போயிருப்பார்கள், அது பண விஷயமே அல்ல, தலைவரிடம் சொல்ல வேண்டியது. ஒன்றிரண்டு பேருக்கு உண்மையிலேயே கஷ்டம் இருக்கும். அவர்களுக்குத் தவணையோ சலுகையோ தர நிர்வாகக் குழு முன்கூட்டியே ஒரு விதி வைத்திருக்க வேண்டும். யாருக்குச் சலுகை என்பது பொருளாளர், தலைவர் இருவரைத் தாண்டிப் போகக் கூடாது. இருபது வருடம் உழைத்த ஒருவர் ஒரு சந்தாவுக்காகத் தலைகுனிந்து வெளியேறியதைப் பார்த்திருக்கிறேன். அதைத் தடுத்திருக்க முடியும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நிர்வாகக் கணக்கில் நாலைந்து மாதச் செலவுக்கான இருப்பு எப்போதும் நிற்பது நல்லது. சேவைக் கணக்கில் காரணம் இல்லாமல் பணம் தேங்கக் கூடாது. கொடுத்தவர்கள் வைப்புநிதி சேர்க்கக் கொடுக்கவில்லை. பெரிய திட்டத்துக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் திட்டத்தின் பெயர், தொகை, முடிக்கும் ஆண்டு மூன்றையும் தீர்மானத்தில் எழுதி ஒதுக்குங்கள்.

அடுத்தது ரொக்கம். நிகழ்ச்சி முடிந்த இரவைக் கண்முன் கொண்டுவாருங்கள். மணி பத்தரை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வாசல் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் நோட்டுகள், பக்கத்தில் கிழித்த டிக்கெட் கட்டு. ஒலிபெருக்கிக்காரர் வண்டியைத் தயாராக நிறுத்திவிட்டு, சார், கணக்கை முடிச்சிடுங்க, நான் கிளம்பணும் என்கிறார். டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பையன் போய் ஒரு கேன் தண்ணீர் வாங்கி வருகிறான், அதுவும் டப்பாவிலிருந்து. ஒருவர் பெரிய நோட்டுக்குச் சில்லறை மாற்றிக்கொள்கிறார். மீதியை ஒருவர் தம் வீட்டுக்கு எடுத்துப் போய், காலையில் எண்ணிக்கொள்ளலாம் என்கிறார். இதில் யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. ஆனால் அன்று எவ்வளவு வசூலானது என்பது இனி யாருக்கும் தெரியாது.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்கான தொகையைக் காசோலையாகவோ, முன்பே வங்கியிலிருந்து எடுத்த தனி உறையாகவோ கொண்டுபோய்விடுங்கள். வசூல் டப்பாவிலிருந்து எந்தச் செலவும் கிடையாது. சில்லறைக்காகத் தொடக்கத்தில் வைத்த தொகையை எழுதி வையுங்கள். முடிந்ததும் ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர், அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும் முன், நோட்டு வாரியாக எண்ணி ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். விற்ற டிக்கெட்டின் முதல் எண், கடைசி எண், விற்காமல் திரும்பியவை, இலவசமாகத் தந்தவை எல்லாம் அதே தாளில். விற்ற எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் வர வேண்டிய தொகையும் கையில் இருக்கும் தொகையும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் மறைக்க வேண்டாம், இவ்வளவு குறைகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறையை ஒட்டி, அடுத்த வேலைநாளில் முழுதாக வங்கியில் கட்டுங்கள். பாஸ்புக்கில் விழும் தொகையும் அந்தத் தாளும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான்.

ரசீதுப் புத்தகமும் இப்படித்தான். எண் அச்சிட்டது, கார்பன் நகல் உள்ளது, யாரிடம் எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு. தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல், ரத்து என்று எழுதி அடிக்கட்டையோடு பின் செய்யுங்கள். எண் ஒன்று காணாமல் போனால் அதற்குப் பின்னால் ஒரு தொகை காணாமல் போயிருக்கலாம் என்றுதான் கணக்குப் பார்ப்பவர் நினைப்பார்.

வங்கி விஷயத்தில் சில விதிகளை வளைக்கவே கூடாது. கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு நாள்கூடப் பணம் தங்கக் கூடாது. மேசையில் வைக்கும் க்யூஆர் அட்டையும் சங்கக் கணக்குக்கே போக வேண்டும். அவசரத்துக்கு என் நம்பருக்கு அனுப்பிடுங்க என்று சொல்லும் பழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது, இதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ஊருக்குப் போகிறேன் என்று வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டுத் தருவது இரண்டு கையெழுத்து விதியை ஒரு கையெழுத்தாக்குவதுதான். இணையவழிப் பரிமாற்றத்திலும் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. கேட்டு வாங்குங்கள். பொறுப்பு மாறும்போது கையெழுத்து மாற்றுவது எல்லோருக்கும் நினைவிருக்கும், ஓடிபி போகும் கைபேசி எண் நினைவிருக்காது. நான் கணக்குப் பார்த்த ஒரு சங்கத்தில் பழைய பொருளாளர் வெளிநாடு போய் மூன்று மாதம் ஆகியும் ஓடிபி அவருக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நோயாளிக்குப் போக வேண்டிய உதவித்தொகை அதனால் தாமதமானது. இதை எழுதும்போது இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, நாம் நண்பர்கள்தானே, ஒருவரை ஒருவர் நம்பவில்லையா என்ற பேச்சு கட்டாயம் வரும். என் பதிலை ஒரு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் முதல் முறை பொருளாளராகும் முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் தங்கமான மனிதர். சின்னச் சின்னச் செலவுகளைத் தம் பையிலிருந்து போடுவார், வசூல் வரும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்வார். பில் எல்லாவற்றுக்கும் இருக்காது. மனக்கணக்கிலேயே எல்லாம் ஓடியது. கூட்டிக் கழித்தால் அவர்தான் சங்கத்துக்கு அதிகம் கொடுத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். ஒரு பொதுக்குழுவில் யாரோ ஒருவர், இந்த ஒரு தொகைக்கு மட்டும் விவரம் சொல்லுங்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். காட்ட அவரிடம் ஒரு தாளும் இல்லை. அவர் பைகளைத் துழாவிக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிட மௌனத்தை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. செலவுச் சீட்டும் இரண்டு கையெழுத்தும் முதலில் காப்பாற்றுவது பொருளாளரைத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க ஆய்வாளர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடி 1950 வாக்கில் சிறையில் இருந்தவர்களைச் சந்தித்துப் பேசினார். அவர்கள் திருடப் பிறந்தவர்கள் அல்ல, நம்பிக்கைக்கு உரியவர்களாக இருந்ததால்தான் அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள். வெளியே சொல்ல முடியாத ஒரு பண நெருக்கடி, யாரும் பார்க்காமல் எடுக்க ஒரு வாய்ப்பு, கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன் என்ற சமாதானம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் கை நீள்கிறது என்று அவர் கண்டார். ஒருவருடைய வீட்டு நெருக்கடியைச் சங்கம் தடுக்க முடியாது. அவர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தையும் கேட்க முடியாது. வாய்ப்பை மட்டும்தான் நம்மால் மூட முடியும். அதை மூடி வைப்பது சந்தேகமல்ல, நண்பருக்குச் செய்யும் நன்மை.

ஏடு எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு ரொக்க ஏடு, ஒவ்வொரு செலவுக்கும் எண் போட்ட ஒரு செலவுச் சீட்டு, அதன் பின்னால் பில். கணினி விரிதாள் போதும், விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். மாதம் முடிந்து பத்து நாளுக்குள் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் போட்டுவிடுங்கள். ஏட்டு இருப்புக்கும் வங்கி இருப்புக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் பெயர் சொல்லி விளக்க வேண்டும், இன்னும் வங்கிக்குப் போகாத காசோலை, வங்கி பிடித்த கட்டணம் என்று. விளக்க முடியாத மீதி வந்தால் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. அந்த மீதி 9ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 1,730 என்பதை 1,370 என்று எழுதினால் வித்தியாசம் 360, அது 9இன் 40 மடங்கு. வகுபடவில்லையா, மீதியைப் பாதியாக்கி அந்தத் தொகையில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதினால் வித்தியாசம் இரண்டு மடங்காகக் காட்டும்.

பொருளாக வரும் நன்கொடையைப் பலர் எழுதுவதே இல்லை. 200 போர்வை வந்தால் 200 போர்வை என்று ஒரு இருப்புப் பதிவேட்டில் எழுதி, யாருக்கு எத்தனை போனது, வாங்கியவர் கையெழுத்து, மீதி எங்கே இருக்கிறது என்று வையுங்கள். பணத்தில் காட்டும் கவனத்தில் பாதியாவது இதில் வேண்டும். அதேபோல் சங்கத்துக்கு அச்சு வேலையோ பந்தல் வேலையோ செய்து தருபவர் உறுப்பினரோ அவர் உறவினரோ என்றால், அதைக் குழுவில் வாய்விட்டுச் சொல்லி, வேறு இரண்டு இடத்திலும் விலை கேட்டு, அவர் வாக்களிக்காமல் முடிவெடுக்க வேண்டும். குறைந்த விலைக்குத்தான் செய்து கொடுத்திருப்பார், ஆனாலும் குறிப்பேட்டில் அது இருக்க வேண்டும்.

நிதி திரட்டும் நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மேடையில் ஒரு லட்சம் திரட்டினோம் என்று அறிவிப்பார்கள், கைதட்டல் எழும். கணக்கை எடுத்துப் பார்த்தால் டிக்கெட்டில் 55,000, விளம்பரதாரர்கள் தந்தது 45,000, செலவு 62,000. மிஞ்சியது 38,000. இன்னொரு முறை பாருங்கள். டிக்கெட் வசூல் நிகழ்ச்சிச் செலவுக்கே போதவில்லை. விளம்பரதாரர் பணத்தில் 7,000ஐ அந்த நிகழ்ச்சி தின்றுவிட்டது. அந்த நிறுவனங்களிடம் நேராகப் போய்க் கேட்டிருந்தால் 45,000மும் முழுதாக வந்திருக்கலாம். அத்தனை பேருமே நிகழ்ச்சி இல்லாமல் தந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். 25 உறுப்பினர்கள் ஆளுக்கு இருபது மணி நேரம் உழைத்ததையும் சேருங்கள், 500 மணி நேரம். ஊர் கூடுவதும் சங்கத்தின் பெயர் தெரிவதும் ஒரு பலன்தான், அதற்காக நடத்துவதாக இருந்தால் தாராளமாக நடத்துங்கள். ஆனால் நிதி திரட்டவே நடத்துகிறோம் என்றால் முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் குழுவின் முன் வைப்பது உங்கள் கடமை. அறிவிக்கும்போது மிஞ்சிய தொகையை அறிவியுங்கள். பரிசுச்சீட்டு குலுக்கல் போன்றவற்றுக்குப் பல நாடுகளில் முன் அனுமதி வேண்டும், சில இடங்களில் தடையே உண்டு. நன்கொடைக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்று ரசீதில் போடுவதும் சங்கத்தின் பதிவைப் பொறுத்தது. இரண்டையும் உங்கள் பகுதிச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

மாதக் கூட்டத்தில் ஒரே பக்க அறிக்கை போதும். இரண்டு கணக்குக்கும் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. பக்கத்தில் பட்ஜெட் தொகை. அடியில் கட்ட வேண்டிய பாக்கி, வர வேண்டிய பாக்கி. வாய்மொழியாக, பணம் நிறைய இருக்கு, கவலைப்படாதீங்க என்று சொல்லும் வழக்கத்தை முதல் மாதமே விட்டுவிடுங்கள். வங்கி அறிக்கையின் நகலைப் பொருளாளர் அல்லாத ஒருவர், செயலாளரோ மூத்த உறுப்பினரோ, நேராக வங்கியிலிருந்தே பெற்றுப் பார்க்க வேண்டும். இதை நீங்களே கேட்டு ஏற்பாடு செய்தால் உங்கள் மதிப்பு கூடும்.

ஆண்டு முடிவில் கணக்கை வேறொருவர் பார்க்க வேண்டும். சின்னச் சங்கத்துக்குப் பெரிய தணிக்கை நிறுவனம் தேவையில்லை, சட்டம் கேட்டால் ஒழிய. கணக்கு தெரிந்த, நிர்வாகக் குழுவில் இல்லாத, பொருளாளரின் உறவினர் அல்லாத ஒருவர் போதும். அவருக்கு நேரம் குறைவு என்றால் மூன்று விஷயத்தையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது இரண்டு மாதத்தின் எல்லாச் செலவுச் சீட்டுகள், ரசீதுப் புத்தகங்களின் எண் வரிசை, சேவைக் கணக்கிலிருந்து நிர்வாகக் கணக்குக்குப் போன எந்தப் பரிமாற்றமும்.

தலைவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்கு உண்மையில் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் எழுந்து மறுக்காதீர்கள். அதற்கு முன் ஒரு மாலை அவர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போய் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது கையில் இரண்டு தாள் கொண்டுபோங்கள். ஒன்றில் முகாமின் வரவு, செலவு, மீதி, அடுத்த முகாமுக்கு ஒதுக்கும் தீர்மானத்தின் வரைவு. இன்னொன்றில் ஆண்டு விருந்துக்கு ஆகும் செலவு, நிர்வாகக் கணக்கில் இருப்பது, குறையும் தொகை, அதை வருபவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு எவ்வளவு என்பது. வேண்டாம் என்று சொல்வதோடு விருந்து நடக்கும் வழியையும் நீங்களே கொண்டுபோனால் அவர் கேட்பார், நான் பார்த்தவரை கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்குப் பிரிக்கும்போது வருவது ஆளுக்கு ஒரு சின்னத் தொகையாகத்தான் இருக்கும். அவர் ஒத்துக்கொண்டதும் அந்த ஒதுக்கீட்டுத் தீர்மானத்தைக் கூட்டத்தில் அவரையே முன்மொழியச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, முகாமுக்கு நன்கொடை தந்தவர்களுக்கு மறுநாளே ஒரு கடிதம் அனுப்புங்கள்: இவ்வளவு வந்தது, இத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது, இவ்வளவு மீதி, அது அடுத்த முகாமுக்கு இருக்கிறது.